கண்ணாடி உட்காராத மூக்கு

பனியனுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். மாட்டிக்கொண்டவர் நாமாகவே இருந்தால் இன்னும் கஷ்டம். அதுவும் சிரிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பிய ஆளாக இருந்துவிட்டால், அந்த அவஸ்தையைச் சொல்லி மாளாது.

கிளியண்ணன் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். படுக்கையறை நடுவில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, போலீஸிடம் சரணடைந்தவர் மாதிரி. பனியனின் கழுத்து நெற்றியைத் தாண்டி இறங்கி, மூக்கின் மேலிருந்த கட்டின் மேல்விளிம்பில், கண்ணை மூடியபடி நின்றுவிட்டது. கட்டைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரி, துணியைக் கண்டதும் பழைய சொந்தத்தைப் பார்த்தது போலக் கட்டிப்பிடித்துக்கொண்டது. மேலே இழுத்தால் பிளாஸ்திரியோடு மூக்கும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. கீழே இழுத்தால் கட்டு நகர்ந்து கன்னத்துக்குக் குடிபோய்விடும் போலிருந்தது. ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டார். உள்ளே எங்கேயோ 'டக்' என்றது. அதற்குப் பிறகு இழுக்கத் தைரியம் வரவில்லை.

பட்டன் வைத்த சட்டைதான் போடவேண்டும், தலை வழியாக எதையும் மாட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனைவி பட்டன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, நாற்காலி மேல் அடுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். கிளியண்ணன்தான் கேட்கவில்லை. அவர் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஒருவர் தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல் அவர் முகத்தில் ஃபிரேமை மாட்டிக் கழற்றும் கை அது. சொந்த மூக்கைத் தொடாமல் ஒரு தொளதொளப் பனியனை இறக்க முடியாதா என்ன என்று நினைத்துவிட்டார்.

"ஏம்மா!" என்று கூப்பிட்டார். மனைவி வீட்டில் இல்லை என்பது அவருக்கே தெரியும். இருந்தும் இன்னொருமுறை கூப்பிட்டார். வீட்டில் இருந்தது மகள் மட்டும். அவளைக் கூப்பிடத்தான் தயக்கம்.

கடைசியில் கை மரத்துப்போனது. "கண்ணு... கொஞ்சம் வாயேன்."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. காலடிச் சத்தம் வந்து நின்றது.

"என்ன?"

"மாட்டிக்கிட்டேன்."

"எதுல?"

"பனியன்ல."

சிரிக்கிறாளா, பார்த்துக்கொண்டிருக்கிறாளா, போய்விட்டாளா என்று உள்ளேயிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேஜை இழுப்பறை திறக்கும் ஓசை. கத்திரிக்கோல் ஒருமுறை வாயைத் திறந்து மூடியது.

"அசையாதீங்க."

"கழுத்தை மட்டும் விட்டுடு கண்ணு. அது அம்மாவுக்கு வேணும், நெரிக்கறதுக்கு."

மகள் சிரிக்கவில்லை. பனியனின் கீழ் ஓரத்தில் தொடங்கி, வயிறு, நெஞ்சு என்று நேராக வெட்டிக்கொண்டு மேலே வந்தாள். கழுத்துப் பட்டையை இரண்டாக்கி, பிளாஸ்திரியிலிருந்து துணியை நகத்தால் மெல்ல உரித்தாள். வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு மகளும் வந்தாள், நீரில் கரைந்த ஓவியம் மாதிரி. கிளியண்ணனுக்குப் பவர் மைனஸ் எட்டு. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு சாணுக்கு அப்பால் உலகமே மேகமூட்டம்தான்.

"கட்டு நகர்ந்திருக்கா பாரு."

"தெரியல."

"மூக்கு கோணலா இருக்கா?"

"அம்மா வந்து பாப்பாங்க."

ஒரு வெள்ளை மேகம் குனிந்து, வெட்டிய பனியனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கதவு சாத்திக்கொண்டது. சில வாரங்களாகவே இப்படித்தான். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதற்கு மேல் கேட்டால் கதவு.

கிளியண்ணன் என்பது யாரும் அவருக்கு வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, நடுவில் மேடுதட்டி நுனியில் வளைந்த தன் மூக்கைப் பார்த்து மற்றவர்கள் யோசிக்க ஆரம்பிப்பதைக் கவனித்தார். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் தானே எழுந்து நின்று, "என்னைக் கிளின்னே கூப்பிடுங்கடா," என்று அறிவித்துவிட்டார். அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் அது பழைய நகைச்சுவை. அடிக்க வருகிறவன் கையில் தானே தடியைக் கொடுத்து, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லித்தருவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வலி குறையாது. ஆனால் எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டியே தெரியும்.

கடையிலும் அந்த மூக்குதான் முதலீடு. பெரிய மூக்குக்காரர்கள் கூச்சத்தோடு வந்து நிற்பார்கள். "உள்ள வாங்க சார், உங்களுக்கு முன்னாடியே ஒரு மூக்கு இங்க வேலைக்குச் சேர்ந்தாச்சு," என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தபிறகு அவரிடம் மூன்று வாக்கியங்கள் தயாராக இருக்கும். "உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு." "இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க." வாங்கிக்கொண்டு போய், மறுநாளே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வருபவர்களுக்கு மூன்றாவது: "ஒரு வாரம் போட்டுப் பாருங்க, பழகிடும்."

எந்த முகமும் நேராக இல்லை என்பது அவர் தொழிலின் ரகசியம். ஒரு காது மேலே இருக்கும், ஒரு காது கீழே இருக்கும். ஒரு புருவம் இன்னொன்றோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும். கண்ணாடியில் காதில் மாட்டும் காலை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் வளைத்து, எல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்று நம்பவைத்து அனுப்புவதுதான் பிழைப்பு.

அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கடையில் முதலாளி ஒரு திரையைக் கொண்டுவந்து வைத்தார். அதன் முன்னால் நின்றால் போதும், உள்ளே இருக்கும் கேமரா முகத்தைப் படித்து, எந்த ஃபிரேமையும் போட்டுக் காட்டும். ஊர்ப் பெரியவர்களையெல்லாம் அழைத்து அதைத் தொடங்கிவைத்த அன்று, அனுபவஸ்தர் என்று கிளியண்ணனைத்தான் முதலில் நிறுத்தினார்கள். திரை அவர் முகத்தைப் படித்தது. யோசித்தது. மறுபடி படித்தது. பிறகு ஒரு கறுப்பு ஃபிரேமை எடுத்து, அவர் முகத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால், அந்தரத்தில் தொங்கவிட்டது. அவர் தலையைத் திருப்பினால் அதுவும் பயந்துகொண்டே தள்ளி நின்று திரும்பியது.

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கிளியண்ணன் சிரித்தார். "மெஷினுக்கே கிட்ட வர பயம்!" என்று எடுத்தும் கொடுத்தார். சிரிப்பு அடங்கியதும் முதலாளி அவர் முதுகில் தட்டி, "நீங்க ஓரமா நில்லுங்கண்ணே, பில் போடற பொண்ணை நிக்க வைக்கலாம்," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தடி எந்த இடத்தில் விழும் என்று அத்தனை வருஷமாகத் தெரிந்துவைத்திருந்த மனிதருக்கு, அன்று அது தெரியாத இடத்தில் விழுந்தது.

அடுத்த வாரம் மூக்கு டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு மனைவி. பரீட்சை முடிந்து சும்மா இருந்த மகளும் கூட வந்திருந்தாள். டாக்டர் நல்ல மாதிரி. என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். முகம் வீங்கும், கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகும், வாயால்தான் மூச்சு விடவேண்டும், தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்கவேண்டும், குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்மவேண்டும். மூக்கில் எந்தப் பாரமும் ஏறக் கூடாது. அதனால் பல வாரங்களுக்குக் கண்ணாடி கிடையாது. லென்ஸ் வைத்துக்கொள்ளலாமா என்றால், கிளியண்ணன் கண்ணுக்கும் லென்ஸுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. வைத்தால் தக்காளி மாதிரி சிவந்துவிடும்.

"கண்ணாடி இல்லாம சமாளிச்சுடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கு லாபம்தான் டாக்டர். வீட்ல எல்லாரும் அழகா தெரிவாங்க."

"எனக்கும் லாபம்தான்," என்றாள் மனைவி. "சாப்பாட்டுல என்ன கிடக்குன்னு தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் அவருடைய பக்கவாட்டுப் படத்தை வரவழைத்து, அதன் மேல் சிவப்பில் கோடு போட்டார். மேட்டின் மேல் ஒரு கோடு, நுனிக்குக் கீழே ஒரு கோடு. இது போகும், இதுவும் போகும். அப்போது அவர் பார்வை தற்செயலாக மகள் மேல் விழுந்தது. "அட, பாப்பாவுக்கும் அப்படியே அப்பா மூக்கு! அதே மேடு. இப்ப வேணாம், வளர்ச்சி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

கிளியண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா தள்ளுபடி ஏதாவது உண்டா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். மகள் தன் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். அது கீழே இறங்கியிருக்கவே இல்லை. அந்த மூக்கில் எந்தக் கண்ணாடியும் இறங்காது. அதைக் கிளியண்ணன் கவனித்தார். ஏன் தள்ளினாள் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க ஆரம்பித்தபோது மூக்கில் கட்டோடு, இரண்டு தலையணையில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, உட்கூரையின் மேகமூட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்படிப் படுத்திருப்பவனுக்கு யோசனையைத் தவிர வேறு வேலை என்ன?

அன்று மாலை மனைவி வந்ததும், பனியன் கதையைச் சொல்லி முகத்தை நீட்டினார்.

"நல்லா பாரு. கோணலா இருக்கா?"

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, சோதித்து, முடிவைக் கையில் வைத்துக்கொண்டே, "டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் சொல்லுவார்," என்று அனுப்பிப் பழகியவள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள்.

"நான் உன் புருஷன். பேஷண்ட் இல்ல."

"இப்ப ரெண்டும்தான். வீங்கிக் கிடக்கு, இதுல எதைன்னு சொல்றது? அது சரி, பனியனை யாரு போடச் சொன்னா?"

"கோணலா இல்லன்னா இல்லன்னு சொல்லேன்."

"சூப் ஆறுது, குடிங்க."

சூப்பைத் தேடிப்பிடித்துக் குடித்தார். மேலுதடு மரத்திருந்ததால் பாதி சட்டையில் இறங்கியது. பட்டன் சட்டை.

கண்ணாடியை நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் ஒரு வழி சொல்லியிருந்தாள். மறுநாள் அதைச் செய்துபார்த்தார். தொழில்காரர் அல்லவா, கச்சிதமாகவே ஒட்டினார். மூக்கைத் தொடாமல், அதற்கு இரண்டு விரற்கடை முன்னால், அந்தரத்தில் தொங்கியது கண்ணாடி. அந்தத் திரையில் பார்த்த அதே காட்சி. அவருக்கு வந்த சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார். பொத்தியதில் நெற்றி சுருங்கியது. நெற்றி சுருங்கியதில் பிளாஸ்திரி கழன்றது. கண்ணாடி நேராகச் சூப்புக் கிண்ணத்தில் இறங்கிக் குளித்தது. மகள் வந்து எடுத்து, கழுவித் துடைத்து, அலமாரி மேல்தட்டில், அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஏன் இவ இப்படி இருக்கா?" என்று இரவு மனைவியிடம் கேட்டார்.

"காலேஜுக்கு போட்டோ கேக்கறாங்க. எடுத்துட்டு வாடின்னா போகமாட்டேங்கறா. நேத்து பாத்ரூம் கண்ணாடி முன்னாடி மூக்கு மேல கையை வெச்சு, எடுத்து, வெச்சு, எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தா."

"நீ கேட்டியா?"

"என்னன்னு கேக்கறது? நீங்களே கேளுங்க. பேச்சுல கெட்டிக்காரர் நீங்கதானே?"

கிளியண்ணன் தலையணையில் சாய்ந்தார். புரண்டு படுக்கக்கூட அனுமதியில்லாத உடம்பு. இருபது வருஷம் ஓடியாடிக்கொண்டிருந்த வீடு, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தடவிப்போகும் ஒரு சுவர் என்று சுருங்கியிருந்தது. பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதைத் தட்டி என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகையும் இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு ஜோக்கில் போய் முடிந்தது. வேறு மாதிரி பேசும் பாதையே தனக்குப் போடப்படவில்லையோ என்று பயமாக இருந்தது.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. டாக்டர் மெதுவாக எல்லாவற்றையும் எடுத்தார். இரண்டு மூக்குத் துவாரங்களிலிருந்தும் ஏதோ நீளமாக, முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு துணிக்கடையே வைத்திருந்திருக்கிறார்கள். காற்று சில்லென்று உள்ளே போனதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சூப்பரா வந்திருக்கு," என்றார் டாக்டர்.

"டாக்டர், நடுவுல ஒரு பனியன் விபத்து. கோணலா ஏதாவது...?"

டாக்டர் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "வீக்கம் ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு மாதிரி வடியும். முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். இப்பவே தீர்ப்பு சொல்லக் கூடாது. உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு."

கிளியண்ணன் திடுக்கிட்டார். "டாக்டர், அது என்னோட டயலாக்."

"பழகிடும் சார்," என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து, குளியலறைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். மூக்கு நுனி கண்ணாடியில் இடிக்கும் தூரத்தில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் மொத்தமாகத் தெரியவில்லை. ஒரு துவாரம், ஒரு மஞ்சள் தழும்பு, கொஞ்சம் கன்னம். தவணை முறையில் ஒரு மூக்கு. போனில் படம் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு படத்தில் நேராக இருந்தது. அடுத்ததில் இடப்பக்கம் போனது. இன்னொன்றில் உருளைக்கிழங்காக இருந்தது. கையைக் கொஞ்சம் அசைத்தால் மூக்கும் கட்சி மாறியது. கேமராவை நம்பிக் கண்ணாடி வாங்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னவரே அவர்தான். மனிதக் கண் ஒன்று வேண்டும். உண்மையைச் சொல்லும் வாய் ஒன்றும் கூட வேண்டும். கண் எத்தனையோ கிடைத்தது.

முதலாளி பழக்கூடையோடு பார்க்க வந்தார்.

"அண்ணே! ஆளே மாறிட்டீங்களே!"

"நல்லவிதமாவா, கெட்டவிதமாவா?"

"இப்ப எல்லாரும் இதைத்தானே பண்ணிக்கறாங்க."

"முதலாளி, ரெண்டாவது டயலாக்கும் வந்துடுச்சு. மூணாவது டாக்டர்கிட்டயே வாங்கியாச்சு. நாலாவதா ஒண்ணு கேக்கறேன். கோணலா இருக்கா, இல்லையா?"

முதலாளி பழக்கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பவர் போலத் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் விடுங்க. இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னுதான் கடையில பெரிய விவாதம். கிளின்னா பொருந்தாது. புறாங்கறாங்க சிலபேர்."

"புறா நல்ல பறவைதான்."

"ஆனா ஒண்ணுண்ணே..." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் ஒருத்தர் வந்தார். பெரிய மூக்கு. உங்களைக் கேட்டார். லீவுல இருக்கார், மூக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது போல. எதையும் போட்டுப் பாக்காமயே போயிட்டார்."

முதலாளி போனபிறகு கிளியண்ணன் வெகுநேரம் அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் நின்று, கண்ணாடிக் கதவில் தன் மூக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். அவருக்காவது போவதற்கு ஒரு தெரு இருந்தது. பக்கத்து அறையில் இருப்பவள் எங்கே போவாள்? ஒரே மூக்கு உள்ள இரண்டு பேரில் ஒருவன் அது வேண்டாம் என்று வெட்டிவிட்டு வந்தால், மற்றவள் தன்னுடையதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், அந்தக் கதவைத் தட்டினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஆப்பிள் வேணுமா?"

"வேணாம்."

திரும்பி வந்து ஆப்பிளைத் தானே கடித்தார். கடித்தபிறகுதான் ஆப்பிள் கடிக்கவும் இன்னும் அனுமதியில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கடைக்கு வார விடுமுறையான ஒரு நாள், மத்தியானம், கதவு தானாகவே திறந்தது. ஒரு நீல மேகம் வந்து எதிரே நின்றது. அவர் உள்ளங்கையில் எதையோ வைத்தது. விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. மகளின் கண்ணாடி. ஒரு கால் வெளியே ஒடிந்த மாதிரி விரிந்து, மூக்கின் மேல் உட்காரும் பாலம் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"என்னாச்சு?"

"மேல உக்காந்துட்டேன். நாளைக்கு காலேஜ்ல நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. கடை லீவு."

பல வாரங்களில் அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"வெந்நீர் கொண்டு வா. கொதிக்கக் கூடாது, கை வைக்கிற சூடு."

கிண்ணம் வந்தது. கிளியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஃபிரேமை நீரில் பிடித்து, இளகும்வரை காத்திருந்து, கட்டைவிரலால் வளைத்தார். மறுபடி நீர், மறுபடி வளைப்பு. சட்டைத் துணியில் துடைத்தார்.

"உக்காரு. இப்படி, எதிர்ல. இன்னும் கிட்ட."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் முன்னால் சாய்ந்து, ஃபிரேமின் இரண்டு கால்களையும் அவள் காதுகளின் மேல் நகர்த்தினார். மேகம் கலைந்தது. ஒரு சாண் தூரத்துக்குள் மகள் முகம் வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முழுசாகப் பார்த்த முதல் முகம். கொஞ்சம் மெலிந்திருந்தாள். புருவத்தோரம் ஒரு பரு. நடுவில், மேடு தட்டி, நுனியில் லேசாக வளைந்து, அவர் தினமும் சவரம் செய்யும்போது பார்த்துப் பார்த்துப் பழகிய அதே மூக்கு. தொலைந்துபோனது என்று நினைத்தது இங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஃபிரேம் அந்த மேட்டின் மேல் போய், சின்னச் சத்தத்தோடு, வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்தது. நகரவில்லை. இந்த மாதிரி மூக்கு கிடைத்தால் எந்தக் கண்ணாடிக்காரனும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவான். ஃபிரேம் வழுக்காது, தழும்பு விழாது, நாள் முழுக்க மேலே தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். இதை எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் சொன்னதில்லை.

"காது பின்னாடி அழுத்துதா?"

"இடது பக்கம் கொஞ்சம்."

தளர்த்தினார். "இப்ப?"

"சரியா இருக்கு."

அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, அவர் முகத்தை, முதல் முறையாக, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிட்ட இருக்கும்போதே கேட்டுடறேன்," என்றார் கிளியண்ணன். "கோணலா இருக்கா?"

"ஆமா."

கிளியண்ணன் மூக்கைத் தொடப்போய், நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டார்.

"கொஞ்சம். இடப்பக்கமா போகுது. பனியன்ல இழுத்தீங்களே, அதனாலயான்னு தெரியல. ஆனா கோணல்தான்."

டாக்டர் மூக்கிலிருந்து துணிகளை உருவியபோது உள்ளே போன அதே சில்லென்ற காற்று இன்னொருமுறை உள்ளே போனது. வழக்கம்போல ஒரு ஜோக் நாக்கு நுனிக்கு வந்து தயாராக நின்றது. நல்ல ஜோக்தான். கிளியண்ணன் அதை விழுங்கினார். விழுங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"டாக்டர் ரூம்ல நான் ஒண்ணு சொன்னேனே..."

"தள்ளுபடி."

யோசிக்கக்கூட இல்லை, கையிலேயே வைத்திருந்தவள் போல எடுத்துக் கொடுத்தாள்.

"அதுக்குத்தான் பேசாம இருந்தியா?"

மகள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அது இறங்கியிருக்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஜோக் அடிச்சதுக்கு இல்லப்பா. நீங்க எதுக்குத்தான் ஜோக் அடிக்கல? அந்த டாக்டர் அப்படிச் சொன்னதும், என் பொண்ணு மூக்குக்கு என்ன குறைன்னு கேப்பீங்கன்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க விலை கேட்டீங்க."

வெந்நீர்க் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. கிளியண்ணனுக்குக் கண்ணைத் துடைக்கவேண்டும் போலிருந்தது. மூக்கைச் சிந்த அனுமதியில்லாதவன் அழவும் யோசிக்கவேண்டியிருக்கிறது. ஒரு சாண் தூரத்திலிருந்து பின்னால் நகர்ந்தால் அவள் மறுபடி மேகமாகிவிடுவாள் என்று அப்படியே இருந்தார்.

"இப்ப சொன்னா... லேட்டா கண்ணு?"

"லேட்டுதான்," என்றாள் மகள். "சொல்லுங்க."